ஆயுள் கமிஷன்

தருமபுத்திரரைச் சூதாட்ட மண்டபத்துக்கு அழைத்து வந்தவர் யார் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் சகுனி என்பார்கள். சகுனி காயை உருட்டினான், அவ்வளவுதான். இந்திரப்பிரஸ்தத்துக்குத் தேரில் போய், பெரியப்பா புதிதாக மண்டபம் கட்டியிருக்கிறார், வந்து பார்த்து ஆடிவிட்டுப் போகலாம் என்று சேதி சொல்லி அழைத்து வந்தவர் விதுரர். சூது ஆகாது என்பது அவருக்குத் தெரியும். அரசனிடம் எடுத்துச் சொன்னார். தருமரிடமும் மறைக்கவில்லை. ஆனாலும் ராஜாக்ஞை என்று போனார். பாரதத்தில் மிக நல்லவர் என்று பெயரெடுத்த மனிதரின் கையில் அந்த அழைப்பைக் கொடுத்தனுப்பிய கதாசிரியரின் சாமர்த்தியத்தை எண்ணி நான் பல தடவை வியந்ததுண்டு. வேறு யார் போய் அழைத்திருந்தாலும் தருமர் கிளம்பியிருப்பாரோ என்னவோ!

விதுரர் கமிஷன் வாங்கவில்லை. அதை இங்கே ஞாபகப்படுத்துவது அவசியம். ஏனென்றால் இந்தக் கட்டுரை, சூதுக்கு அழைத்துச் செல்வதைத் தொழிலாகக் கொண்டு, அதற்குக் கமிஷனும் வாங்கிய மனிதர்களைப் பற்றியது. வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆடுகிறவனைப் பற்றிப் பாடினார். ஆடும் இடத்தைப் பற்றியும் சொன்னார். அழைத்துப் போகிறவனைப் பற்றி ஒரு குறளும் சொல்லவில்லை. அவர் காலத்தில் அந்தத் தொழில் இவ்வளவு விருத்தி அடையவில்லை போலும்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை பிறந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒரு பையன். பையன் என்றால் சிறுவனல்ல. இருபத்தாறு வயது, எஞ்சினீயரிங் படித்தவன். இன்றைய கிரிக்கெட் ஆட்டத்தில் யார் யாரைச் சேர்த்து அணி கட்டினால் பணம் வரும் என்று செல்போன் மூலம் ஜனங்களுக்கு யோசனை சொல்லி வந்தான். யோசனை இலவசம். அதன் அடியில் ஒரு சங்கேத எண் இருக்கும். அந்த எண்ணைப் போட்டு யாராவது பந்தயக் கம்பெனியில் கணக்குத் திறந்தால் இவனுக்குக் கமிஷன். அந்த வருமானத்தில்தான் வீட்டு வாடகை, தங்கையின் காலேஜ் சம்பளம், அம்மாவின் மருந்து எல்லாம் நடந்தன. மாதம் முதல் தேதி தவறாமல் வாடகையைக் கொடுத்துவிடுவான். அவன் என்ன தொழில் செய்கிறான் என்று நான் கேட்டதில்லை. வாடகை ஒழுங்காக வரும் வரையில் வீட்டுக்காரர்களுக்கு அந்த மாதிரிக் கேள்விகள் தோன்றுவதில்லை.

2025 ஆகஸ்டு மாதம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து நம் பார்லிமெண்டு சட்டம் நிறைவேற்றியது. 22-ஆம் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். கம்பெனிகள் சட்டம் அமலுக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்கவில்லை. சில தினங்களுக்குள் தாங்களே கடையைக் கட்டிவிட்டன. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த கம்பெனிகூட அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு விலகியது. மாடிப் பையனின் வருமானம் குழாயை மூடினது போல நின்றது.

செப்டம்பர் முதல் தேதி வாடகை வரவில்லை. பத்தாம் தேதி பையன் வந்தான். வாடகைக்குத் தவணை கேட்டுவிட்டு, போகாமல் நின்றான்.

"மாமா, வெளிநாட்டிலிருந்து ஒரு கம்பெனி எழுதியிருக்கிறது. அவர்கள் இந்தியாவை விட்டுப் போகப் போவதில்லையாம். முன்னே கிடைத்ததைப் போல் இரண்டு பங்கு கமிஷன் தருகிறார்களாம்."

"சட்டம் என்ன சொல்கிறது?"

"விளம்பரம் செய்தால் இரண்டு வருஷம் ஜெயில், ஐம்பது லட்சம் அபராதம் வரைக்கும் போடலாம் என்கிறது. ஆனால் எல்லாரையுமா பிடிக்கப் போகிறார்கள்? அதில்லை மாமா, நான் கேட்க வந்தது. இந்த மாதிரி முன்னே எங்கேயாவது நடந்திருக்கிறதா? அப்போது என்னைப் போன்றவர்கள் என்ன செய்தார்கள்?"

நடந்திருக்கிறது. அமெரிக்காவில், 2006-ஆம் வருஷத்தில். நாவல் ஒன்றில் தரகர் பாத்திரம் ஒன்று வேண்டியிருந்ததற்காக அந்தச் சங்கதியை ஒரு காலத்தில் துருவிப் படித்திருந்தேன். நாவல் நின்று போயிற்று. படிப்பு மட்டும் மிச்சம். இரண்டு சாயங்காலம் அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

கரிபியன் கடலில் ஆன்டிகுவா என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. பக்கத்துத் தீவான பார்புடாவையும் சேர்த்து ஒரு நாடு. மொத்த ஜனத்தொகை நம் ஊரில் ஒரு நடுத்தரப் பட்டணத்தின் அளவுகூட இராது. 1994-இல் அந்தத் தீவு ஒரு வர்த்தகச் சட்டம் செய்து, இணையத்தின் மூலம் சூதாட்டம் நடத்துகிறவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்க வழி செய்தது. அடுத்த இரண்டொரு வருஷங்களில் கம்ப்யூட்டர் திரையில் காஸினோக்கள் முளைக்க ஆரம்பித்தன. கடை ஆன்டிகுவாவில், கொள்முதல் அமெரிக்காவில்.

கடை திறந்தால் போதுமா? நாலு பேருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? இங்கேதான் சிக்கல். 2003-இல் அமெரிக்க நீதி இலாகா, வானொலி டெலிவிஷன் நிலையங்களின் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியது: கடல் கடந்த சூதாட்டக் கடைகளுக்கு விளம்பரம் செய்வது குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதாகும் என்று. மறு வருஷம் கூகுளும் யாஹூவும் சூதாட்ட விளம்பரங்களை வாங்குவதில்லை என்று நிறுத்திவிட்டன. பெரிய வாசல்கள் எல்லாம் சாத்தப்பட்டபோது, வீட்டுக்குப் பின்புறம் சந்து வழியாக ஆள் கூட்டி வருகிறவர்களுக்கு மவுசு உண்டாவது இயற்கை. அப்படி மவுசு பெற்றவர்கள்தாம் இந்தத் தரகர்கள். தொழிலில் அவர்களுக்கு 'அஃபிலியேட்' என்று பெயர்.

தரகர் செய்த வேலை மிகவும் சாது வேலை. வலைத்தளம் ஒன்று வைத்துக்கொள்வார். போக்கர் ஆட்டத்தின் விதிகள், எந்தச் சீட்டு வந்தால் என்ன செய்வது, எந்தக் காஸினோ ஜெயித்த பணத்தை ஒழுங்காகக் கொடுக்கிறது, எது இழுத்தடிக்கிறது என்றெல்லாம் எழுதுவார். வாசகர் படிப்பார், நம்புவார், கீழே இருக்கும் இணைப்பைத் தொடுவார். தொட்ட மாத்திரத்தில் அவர் மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை விழும். ஆட்டு வியாபாரி மந்தையில் தன் ஆட்டின் காதில் அடையாளம் வைப்பதைப் போல. அதன் பிறகு அந்த மனிதர் காஸினோவில் என்ன செய்தாலும் அது தரகர் கணக்கில் பதியும்.

கணக்குத்தான் விசேஷமானது. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தடவையில் ரொக்கமாக வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் விரும்பியது பங்குக் கமிஷன். ஆட்டக்காரர் தோற்பதில் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது என்று தரகருக்கு. அவர் அந்தக் கடையில் ஆடுகிற காலம் முழுவதும், அதாவது ஆயுள் முழுவதும். ஆட்டக்காரர் ஜெயித்துவிட்டால் அந்த மாதம் தரகர் கணக்கில் பற்று எழுதுவார்கள். போக்கரில் மட்டும் ஏற்பாடு கொஞ்சம் வேறு. அங்கே ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் ஆடுகிறார்கள், கடைக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தயப் பணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்வார், அந்தச் சிட்டிகையில் தரகருக்குப் பங்கு.

நம் ஊர்க் கல்யாணத் தரகருக்குத் தாலி ஏறினதும் கமிஷன் தீர்ந்துவிடுகிறது. தம்பதிகள் சண்டை போடும்போதெல்லாம் அவருக்கு ஒரு பங்கு, சமாதானமாக இருந்தால் அவர் கணக்கில் பற்று, இதுவும் ஆயுள் முழுவதும் என்று ஏற்பாடு செய்து பாருங்கள்! அவர் எந்த மாதிரி ஜாதகங்களைத் தேடிப் பொருத்துவார் என்று ஊகித்துக்கொள்ளலாம். இவ்வளவையும் மீறி, ஒழுங்கான கடைகளை மட்டும் சிபாரிசு செய்த தரகர்களும் இருந்தார்கள். மோசடிக் கடைகளின் பெயரைப் பகிரங்கமாக வெளியிட்டவர்கள்கூட உண்டு. வாசகர் நம்பிக்கைதான் அவர்களுடைய முதல். வேறு முதல் ஏதும் அவர்கள் போடவில்லை.

2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் ஒருவர், இணையத்தில் சில டாலர் கட்டி ஆடிய போட்டியின் மூலம் லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் போட்டிக்குள் நுழைந்து, இருபத்தைந்து லட்சம் டாலர் ஜெயித்தார். பெயருக்கு அர்த்தம் 'பணம் பண்ணுகிறவர்'. நாவலில் ஒரு பாத்திரத்துக்கு நான் இந்தப் பெயரை வைத்திருந்தால் பத்திரிகாசிரியர் அடித்துவிட்டிருப்பார். அந்தச் செய்தி பரவியதும் அமெரிக்காவில் குமாஸ்தாக்களும் மாணவர்களும் கூட்டம் கூட்டமாகப் போக்கர் ஆட வந்தார்கள். தரகர்களுக்குப் பொற்காலம்.

அந்தக் காலத்தின் ராஜாங்கக் கடை பார்ட்டிகேமிங் என்பது. ரூத் பாரசோல் என்ற அமெரிக்கப் பெண்மணி தொடங்கியது; அதன் கம்ப்யூட்டர் திட்டத்தை அமைத்தவர் டில்லி ஐ.ஐ.டி.யில் படித்த நம் நாட்டு இளைஞர் அனுராக் தீட்சித். தலைமை அலுவலகம் ஜிப்ரால்டரில். ஆட்டக்காரர்களின் குறைகளைக் கேட்டுப் பதில் சொல்லும் அலுவலகம் ஹைதராபாத்தில். டெக்ஸாஸில் ஒருவன் ராத்திரி பணத்தைத் தோற்றுவிட்டு ஆத்திரத்துடன் எழுதினால், ஹைதராபாத்தில் உட்கார்ந்து ஒரு பையனோ பெண்ணோ சமாதானம் எழுதுவார்கள். 2005 ஜூனில் லண்டன் பங்கு மார்க்கெட்டில் பார்ட்டிகேமிங் இறங்கியபோது பங்கு 116 பென்ஸ். கம்பெனியின் மொத்த மதிப்பு சுமார் 460 கோடிப் பவுன். சில மாதங்களில் இங்கிலாந்தின் முதல் நூறு கம்பெனிகளில் ஒன்றாகிவிட்டது. வருமானத்தில் பெரும் பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்கச் சட்டப்படி இது செல்லுமா என்ற சந்தேகத்தைக் கம்பெனியே தன் பங்குப் பத்திர அறிக்கையில் எச்சரிக்கையாக அச்சிட்டிருந்தது. எச்சரிக்கையைப் படித்துவிட்டுத்தான் ஜனங்கள் பங்கு வாங்கினார்கள்.

2006 ஜூலையில் முதல் இடி. பெட்டான்ஸ்போர்ட்ஸ் என்ற பந்தயக் கம்பெனியின் தலைமை அதிகாரி இங்கிலாந்திலிருந்து கோஸ்டாரிகா போகும் வழியில் டல்லாஸில் விமானம் மாறினார். மாறுகிற இடத்தில் பிடித்துவிட்டார்கள். செப்டம்பரில் ஸ்போர்ட்டிங்பெட் கம்பெனித் தலைவரை நியூயார்க் விமான நிலையத்தில் பிடித்தார்கள். இருந்தாலும் தரகர்கள் பயப்படவில்லை. பெரிய மனிதர்களுடைய தொல்லை பெரிய மனிதர்களோடு என்று இருந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை. தேர்தலுக்காகக் காங்கிரஸ் சபை கலையும் நேரம். துறைமுகங்களைப் பத்திரப்படுத்துவதற்கென்று ஒரு மசோதா. பயங்கரவாதிகள் கப்பலில் குண்டு கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. அதை எதிர்த்து யார் ஓட்டுப் போடுவார்கள்? அந்த மசோதாவின் வாலில் இணையச் சூதாட்டத் தடையை முடிந்து அனுப்பினார்கள். செனட் சபைத் தலைவர் பில் ஃப்ரிஸ்டு இதில் தீவிரமாக இருந்தார். நள்ளிரவை ஒட்டி மசோதா நிறைவேறியது. சட்டம் ஆட்டக்காரனைத் தண்டிக்கவில்லை. பணம் போகிற வாய்க்காலை அடைத்தது: சட்ட விரோதமான இணையச் சூதாட்டத்துக்குப் பாங்குகள் மூலம் வரும் பணத்தைக் கடைக்காரன் வாங்கினால் குற்றம். குதிரைப் பந்தயத்துக்கும் லாட்டரிக்கும் விலக்கு உண்டு. சூது கூடாது என்று சொல்லிவிட்டு, எந்தச் சூது என்று ஒரு பட்டியலும் கொடுப்பது எல்லாச் சர்க்கார்களுக்கும் பொதுவான குணம்.

திங்கட்கிழமை லண்டன் மார்க்கெட் திறந்தது. அக்டோபர் 2; நமக்குக் காந்தி ஜயந்தி. பார்ட்டிகேமிங் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. அக்டோபர் 13, மறுபடியும் வெள்ளிக்கிழமை, ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்டார். அன்றோடு அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பார்ட்டிகேமிங் கதவைச் சாத்தியது. 888 என்ற கம்பெனியும் விலகிக்கொண்டது. ஸ்போர்ட்டிங்பெட் தன்னுடைய அமெரிக்க வியாபாரம் பூராவையும் ஒரு டாலருக்கு விற்றுவிட்டது. ஒரே ஒரு டாலர், அச்சுப் பிழையல்ல.

இதுவரை சொன்னது பத்திரிகைகளில் வந்தது. பங்குக்காரர்கள் இழந்ததை மார்க்கெட் கணக்குச் சொல்லும். தரகர்கள் இழந்ததை யார் எண்ணினார்கள்?

தரகர் காலையில் எழுந்து திரையைத் திறப்பார். நேற்று வரை நாலைந்து வருஷமாகச் சேர்த்த ஆட்கள் ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் முத்திரைகள். இன்று அவ்வளவும் பூஜ்யம். 'ஆயுள் முழுவதும்' என்று எழுதியிருந்தது வாஸ்தவம். யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆட்டக்காரருடைய ஆயுள் என்று தரகர் நினைத்தார். கடையின் ஆயுள் என்பது தெரிய வந்தது. இன்னும் ஒரு சங்கடம். அந்த ஆயிரம் பேரின் பெயரும் முகவரியும் தரகரிடம் கிடையா. அவரிடம் இருந்ததெல்லாம் ஓர் எண்ணும் ஒரு தொகையும்தான். ஆட்கள் யார் என்று கடைக்காரருக்குத் தெரியும். அழைத்து வந்தவருக்குத் தெரியாது. பல வருஷம் உழைத்துப் பிறத்தியார் கிணற்றில் தண்ணீர் சேர்த்து வைத்ததாகத்தான் ஆயிற்று.

வாரந்தோறும் வாசகர்களுக்குக் கடிதம் அனுப்பி, அந்த விலாசங்களைத் தன் கையிலேயே வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். தேடுபொறியில் வந்து விழுகிறவர்களை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். வலைத்தளத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனவர்கள் உண்டு. ஜெர்மன், ஸ்வீடிஷ், ஸ்பானிஷ் என்று மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்குக் கடை மாற்றியவர்கள் உண்டு. இங்கிலாந்து 2005-இலேயே சூதாட்டத்துக்குப் புதுச் சட்டம் செய்து, லைசென்ஸ் கொடுக்கத் தயாராகிக் கொண்டிருந்தது. ஆனால் அமெரிக்காவில் ஒருவன் போக்கருக்குச் செலவிட்டதைப் போல் எல்லா நாட்டிலும் செலவிடுவானா? புது மொழியில் முதல் பைசா பார்க்கவே மாதங்கள் ஆகும்.

அதற்குள் கமிஷன் வந்துகொண்டிருந்த வாய்க்காலும் அடைபட்டது. நெடெல்லர் என்று ஒரு கம்பெனி, இணையத்துப் பணப்பை மாதிரி. ஆட்டக்காரர் காஸினோவுக்குப் பணம் கட்டுவதும் அதன் வழியாக. காஸினோ தரகருக்குக் கமிஷன் அனுப்புவதும் பெரும்பாலும் அதன் வழியாக. 2007 ஜனவரி 15-ஆம் தேதி அதன் ஸ்தாபகர்கள் இருவரையும் அமெரிக்காவில் கைது செய்தார்கள். அந்த வாரத்திலேயே நெடெல்லர் அமெரிக்காவை விட்டு வெளியேறியது. ஐந்தரைக் கோடி டாலர் வாடிக்கைக்காரர் பணம் முடங்கிப் போய், ஜூலைக் கடைசியில்தான் திரும்பக் கிடைக்க ஆரம்பித்தது. அரை வருஷம் என்பது பாங்கில் பணம் வைத்திருப்பவர்களுக்கு அரை வருஷம். கமிஷனில் அரிசி வாங்குகிறவர்களுக்கு அது வேறு கணக்கு.

இந்த நிலையில்தான் பாக்கி இருந்த கடைகள் தரகர்களைத் தேடி வந்தன.

யார் போனார்கள், யார் நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பங்கு மார்க்கெட்டில் பெயர் பதித்து, வருஷா வருஷம் கணக்கை வெளியிட்டு, ஆயிரக்கணக்கான பங்குக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த கம்பெனிகள் போய்விட்டன. யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத தனியார் கடைகள் நின்றன. சட்டம் செய்தவர்கள் இதை எதிர்பார்த்தார்களா என்பது சந்தேகம். களை பறிக்கப் போய், கைக்கு எளிதாக அகப்பட்ட பயிரைப் பிடுங்கிவிட்டு வந்தார்கள். போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல்டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகியவை நின்றவற்றில் முக்கியமானவை. அமெரிக்க ஜனங்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. எங்கே போவது என்று வழி கேட்டார்கள். யாரைக் கேட்டார்கள்? பழைய தரகரைத்தான்.

சிபாரிசு செய்வதா, வேண்டாமா? என் நாவலுக்கு வேண்டியிருந்த இடம் இதுதான். தரகரின் நிலையில் என்னை வைத்துப் பல நாள் யோசித்திருக்கிறேன். கையில் கடன். வாசகர் கேட்கிறார். கடைக்காரர் கமிஷன் தருகிறேன் என்கிறார். சட்டத்தில் தரகருக்கென்று தனியாகத் தண்டனை எழுதவில்லை. தான் சொல்லாவிட்டால் அடுத்த தரகர் சொல்லத்தான் போகிறார். இவ்வளவுக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்வி: ஜெயித்தவன் பணத்தைக் கேட்டால் அந்தக் கடையில் பணம் இருக்குமா? அதை அறிய அவருக்கு ஒரு வழியும் இல்லை. பெட்டகத்தின் சாவி கடைக்காரரிடம்.

2007 இலையுதிர் காலத்தில் அப்சல்யூட் போக்கரில் ஓர் ஆட்டக்காரர் தொடர்ந்து ஜெயித்தார். எதிராளி கையில் என்ன சீட்டு என்று கண்ணாடி வைத்துப் பார்த்தாற்போல் ஆடினார். தோற்றவர்களில் ஒருவர் ஆட்டக் குறிப்பைக் கேட்டு எழுதினார். கம்பெனி வேண்டியதற்கு மேலாகவே குறிப்புகளைத் தவறுதலாக அனுப்பிவிட்டது. ஆட்டக்காரர்களே ராப்பகலாக உட்கார்ந்து அதை அலசியபோது, எல்லார் சீட்டையும் பார்க்கும் வசதியுள்ள ஒரு கணக்கு உள்ளேயே இருந்தது வெளிப்பட்டது. மறு வருஷம் அதன் சகோதரக் கடையான அல்டிமேட்பெட்டிலும் அதே மாதிரி அம்பலமாயிற்று. சில தரகர்கள் இணைப்பை அன்றே எடுத்தார்கள். சிலர் எடுக்கவில்லை. எடுத்தவர்களுக்கு நஷ்டம், எடுக்காதவர்களுக்கு மாதாமாதம் பணம். இப்படியே இன்னும் மூன்று வருஷங்கள் ஓடின.

2011 ஏப்ரல் 15. இதுவும் வெள்ளிக்கிழமையே. நம் வீடுகளில் விளக்கேற்றிக் கும்பிடும் நாளின் மேல் அமெரிக்கச் சர்க்காருக்கு என்ன பிரியமோ தெரியவில்லை. நியூயார்க் சர்க்கார் வக்கீல், நின்ற மூன்று கடைகள் மீதும் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்தார். அவற்றின் வலைத்தளப் பெயர்களைக் கைப்பற்றினார்கள். திறந்தால் நீதி இலாகாவின் முத்திரைதான் தெரிந்தது. இரண்டாவது தடவை ஆயிரமாயிரம் 'ஆயுள்' ஒரே நாளில் முடிந்தது.

அப்போதுதான் பெட்டகங்கள் திறந்தன. போக்கர்ஸ்டார்ஸ் தன் அமெரிக்க ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனியாக வைத்திருந்தது. சில வாரங்களில் பட்டுவாடா செய்தது. ஃபுல்டில்டு உலகெங்கும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர். பாங்கில் இருந்தது சுமார் 6 கோடி என்று அந்த ஆண்டு செப்டம்பரில் சர்க்கார் தரப்பு கோர்ட்டில் சொன்னது. பாக்கி, பெரும்பாலும் முதலாளிகளுக்குப் பங்கு பங்காகப் போயிருந்தது என்பது குற்றச்சாட்டு. அடுத்த வருஷம் போக்கர்ஸ்டார்ஸ் 73 கோடி டாலருக்கு மேல் கட்டச் சம்மதித்து வழக்கைத் தீர்த்து, ஃபுல்டில்டையும் வாங்கிக்கொண்டது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பணம் கைக்கு வரத் தொடங்கியது 2014 பிப்ரவரியில். அப்சல்யூட் போக்கரில் பணம் வைத்திருந்தவர்கள் 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 14-ஆம் தேதி வரை தரகர் பக்கத்தில் இந்த மூன்று பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில், ஒரே மாதிரி நட்சத்திரங்களுடன் இருந்தன. ஒன்றில் பணம் இருந்தது. மற்றவற்றில் இல்லை. எழுதியவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. தெரியாது என்பதைத் தரகர் எழுதியிருக்கலாம். ஆனால் "இந்தக் கடையில் பணம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது" என்று எழுதினால் யார் இணைப்பைத் தொடுவார்கள்?

பெரியவர்கள் கதையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அனுராக் தீட்சித் 2008 டிசம்பரில் தாமாகவே நியூயார்க் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார். 2010-இல் ஜட்ஜ் அவரை ஜெயிலுக்கு அனுப்பாமல் ஒரு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார். பார்ட்டிகேமிங் 2009-இல் பத்தரைக் கோடி டாலர் கட்டி வழக்கிலிருந்து தப்பியது. ஆன்டிகுவா, அமெரிக்காவை உலக வர்த்தக ஸ்தாபனத்துக்கு இழுத்து ஜெயிக்கவும் ஜெயித்தது. 340 கோடி டாலர் கேட்டது. வருஷத்துக்கு 2 கோடி 10 லட்சம் அளவுக்கு அமெரிக்காவின் பதிப்புரிமைகளையும் மற்ற புத்திச் சொத்துக்களையும் மதிக்காமல் இருந்துகொள்ளலாம் என்று 2007 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. யானையோடு வழக்காடி ஜெயித்த எலிக்கு யானையின் வாலில் இரண்டு முடி பறித்துக்கொள்ள அனுமதி!

தரகர் கதைக்கு இன்னும் ஒரு வளைவு இருக்கிறது. 2013 நவம்பரில் நியூ ஜெர்சி மாகாணம் தானே லைசென்ஸ் கொடுத்து இணையக் காஸினோக்களை அனுமதித்தது. அங்கே தரகர்களையும் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். ஆள் சேர்த்ததற்கு ஒரே தடவை ரொக்கம் வாங்குகிறவர் பெயரைப் பதிவு செய்தால் போதும். தோல்வியில் பங்கு வாங்குகிறவர் காஸினோவோடு சேர்ந்து தொழில் செய்கிறவர் என்று கருதப்படுவார், அதற்கான லைசென்ஸ் வாங்க வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்த அதிகாரி யாரோ, அவருக்கு என் நமஸ்காரம். எட்டுப் பத்து வருஷமாக யாரும் சொல்லாததை விண்ணப்பப் படிவத்தின் மூலம் சொல்லிவிட்டார். 2015-இல், லைசென்ஸ் இல்லாத கடல் கடந்த கடைகளுக்கு வழி காட்டுகிறவர்கள் அந்த இணைப்புகளை எடுத்துவிட வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்கள். 2018-இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பினால் விளையாட்டுப் பந்தயத்துக்கும் மாகாணங்களில் வழி பிறந்தது. 2021-இல், ஆள் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கம்பெனி நியூயார்க்கில் நாஸ்டாக் பங்கு மார்க்கெட்டிலேயே ஏறிவிட்டது. தனி மனிதர்கள் படுக்கையறையில் உட்கார்ந்து நடத்திய காலம் மலையேறிப் போயிற்று. 2006-இல் விழுந்தவர்களில் எத்தனை பேர் அந்த நல்ல காலத்தைப் பார்க்கத் தொழிலில் இருந்தார்களோ!

இவ்வளவையும் மாடிப் பையன் பொறுமையாகக் கேட்டான். ஃபுல்டில்டு கதை வந்தபோது மட்டும் இரண்டு தடவை குறுக்கிட்டு, தொகையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டான்.

"உன்னுடைய அணி யோசனையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"பதினோராயிரம், மாமா."

"அவர்களில் உனக்கு யாரையாவது தெரியுமா?"

சற்று யோசித்தான். "ஒருத்தரைத் தெரியும். தெருக்கோடி இஸ்திரிக் கடை அண்ணாச்சி. என் எண்ணைப் போட்டுத்தான் சேர்ந்தார்."

"என்ன ஆயிற்று?"

"நிறையப் போய்விட்டது, மாமா. என் மேல் கோபம் இல்லை அவருக்கு. நேற்றுக்கூடக் கேட்டார், 'தம்பி, வேறே ஏதாவது புதுசு வந்திருக்கா?' என்று."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வாடகை இரண்டு தவணையில் வந்து சேர்ந்தது. இப்போது அவன் ஒரு சாமான் பட்டுவாடாக் கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறான். சம்பளம் முன்பு வந்ததில் பாதிக்கும் குறைவு என்று அவன் அம்மா என் மனைவியிடம் சொன்னாளாம். போன வாரம் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது, அந்த வெளிநாட்டுக் கடிதம் என்னவாயிற்று என்று விசாரித்தேன்.

"பதில் எழுதவில்லை, மாமா" என்றான். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பி, "அழிக்கவும் இல்லை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.